பற்றலும் விடுதலும்: நார்வேயின் பனிவெளியில் சறுக்குக்கட்டைப் பயணம்



நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தமிழிலக்கணம். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின் மேல் எழுவன. ஆயினும் ஐந்திணைப் பகுப்பில் வெண்பனி மூடிய நிலத்திற்கு இடமில்லை. தமிழர் கண்ட பனி, புல்நுனியில் தங்கி வெயில் ஏற ஏற மறைவது. முன்பனி, பின்பனி எனப் பருவங்களுக்குப் பெயராய் அமைந்ததும் அதுவே. ஆண்டில் பாதிக்காலம் ஆளுயரத்திற்குப் பனி கிடக்கும் வடபுலத்து மலைநாடுகளில் நிலைமை வேறு. அங்கே பனியே நிலம். அந்த நிலமோ பொழுதுக்குப் பொழுது மாறுவது. விடியலில் கல்லாய் இறுகிக் கிடந்த சரிவு நண்பகலில் சேறாகும். மாலையில் மீண்டும் கண்ணாடியாகும். நிலமும் பொழுதும் வேறு வேறாக நில்லாமல் ஒன்றாகிவிடும் அவ்வெளியில் மனிதன் எவ்வாறு நடந்தான்? இவ்வுரை அவ்வினாவிற்கு விடை தேடுகிறது.

செப்பனிட்ட தடத்தில் ஓடும் பந்தயமும் விளையாட்டு அரங்கில் நிகழும் சறுக்கலும் இங்குப் பொருளல்ல. தடமில்லா மலைவெளியில், முதுகில் மூட்டையுடன், ஏறியும் இறங்கியும் பல நாள் செல்லும் பயணமே பொருள். இன்று நார்வேயில் வாழும் ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே கட்டை பூட்டிப் பனியில் நடக்கக் கற்கின்றனர். ஆதலின் இச்செய்தி தமிழர்க்கு முற்றிலும் அயலானதும் அன்று.

பிளந்த மரம்

உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் 'ஸ்கீ' என்னும் சொல், பழைய நார்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்தது. எனவே 'சறுக்குக்கட்டை' என்னும் தமிழாக்கம் வேர்ப்பொருளோடும் இசைந்து நிற்கிறது. சுவீடனின் வடபகுதியில் கால்வ்த்ரெஸ்க் என்னும் ஊரருகே 1924ஆம் ஆண்டில் சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது பழங்கட்டைகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 5,200 ஆண்டு எனக் கணித்துள்ளனர். அவற்றோடு கிடைத்த ஊன்றுகோலின் ஒரு முனை மண்வாரி போன்றது. நடப்பதற்கும் பனியைத் தோண்டுவதற்கும் ஒரே கோல் பயன்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

நார்வேயின் திகர்வார்டன் மலையில் உருகிவரும் பனித்திட்டு ஒன்றிலிருந்து 2014ஆம் ஆண்டில் ஒரு கட்டையும், 2021ஆம் ஆண்டில் அதன் இணையும் வெளிப்பட்டன. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காலில் பூட்டிய கட்டைகள் அவை. தேய்ந்த இடங்களைச் செப்பனிட்ட அடையாளங்கள் அவற்றில் தெளிவாக உள்ளன. பழுது பார்த்துப் பார்த்துப் பயன்படுத்திய கருவி அது; வாழ்வுக்கு இன்றியமையாததாய் இருந்த கருவி.

நார்வேயின் ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கில் முற்காலத்தவர் கையாண்ட இணையோ விந்தையானது. இரு கட்டைகளும் ஒத்த அளவின அல்ல. ஒன்று நீளமானது, வழவழப்பானது. மற்றது குட்டையானது, அடியில் விலங்குத்தோல் பொருத்தியது. தோலின் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் கட்டை முன்னே செல்ல விடும். பின்னே நழுவும்போது மயிர் சிலிர்த்துத் தடுக்கும். குட்டைக் கட்டையால் உந்தி, நெடுங்கட்டையில் வழுக்கிச் செல்வர். ஒரு கால் பற்றுவதற்கு, ஒரு கால் விடுவதற்கு என்பது அவர்கள் கண்ட பகுப்பு. அந்த இரு பணிகளையும் ஒரே கட்டையில் சேர்க்க முயன்றதே பிற்கால வளர்ச்சி அனைத்தும் எனலாம்.

வில்லும் மெழுகும்

இன்றைய மலைப்பயணக் கட்டையைத் தரையில் வைத்து நோக்கினால், நடுப்பகுதி வில்போல் மேலெழுந்து நிற்பது புலனாகும். இரு கட்டைகளிலும் உடல் எடை சமமாகப் பரவியிருக்கும்போது முன்பகுதியும் பின்பகுதியுமே பனியை அழுத்தும். நடு சற்றே தூக்கி நிற்கும். ஒற்றைக் காலில் முழு எடையையும் ஊன்றி மிதிக்கும்போது வில் தாழ்ந்து நடுப்பகுதி பனியைத் தொடும். அந்த நடுப்பகுதியில்தான் பற்றுமெழுகு பூசுவர். மிதித்தால் பற்றும், எடையை மாற்றினால் விடும். நடையின் மறைபொருள் இவ்வளவே. வில் மிக விறைப்பாயின் மிதித்தாலும் நடு தொடாது, கால் பின்னே நழுவும். மிகத் தளர்வாயின் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும், கட்டை வழுக்காது. ஆகவே மலைக்குச் செல்பவர் தம் எடையை மட்டுமன்றி முதுகுமூட்டையின் எடையையும் கணக்கிட்டே கட்டையைத் தேர்வர்.

பந்தயத் தடத்தில் ஓடும் கட்டையின் அகலம் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர். மலைப்பயணக் கட்டை அதனினும் அகன்றது. நடுவில் 55 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். இடை சிறுத்து, முன்னும் பின்னும் விரிந்திருக்கும். ஓரங்களில் எஃகு விளிம்பு பதித்திருக்கும். சால்ஸ்பர்க் நகரத்து ருடால்ஃப் லெட்னர் 1926ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அந்த விளிம்பு, இறுகிய பனியில் கத்திபோல் பதிந்து பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. காலணியின் முன்னுனி மட்டுமே கட்டையுடன் பிணைந்திருக்கும். குதிகால் எழுந்து தாழும். குதிகாலுக்கு உரிமை தந்ததால்தான் சறுக்கல் நடையாகிறது.

பனியைப் படித்தல்

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், பனியைப் படிக்கத் தெரியாதவர்க்கு அது வெறும் கட்டையே. புதிதாய் விழுந்த குளிர்பனியின் படிகங்கள் கூர்மையானவை. கடினமான மெழுகிலும் ஊன்றிப் பற்றும். நாள் செல்லச் செல்ல அவை முனை மழுங்கி உருண்டு மணியாகும். அப்போது சற்று மென்மையான மெழுகு வேண்டும். உருகி மீண்டும் உறைந்த பனி பனிக்கட்டித் தன்மை அடையும். அதில் எந்தக் கடினமெழுகும் நில்லாது. அதற்கெனப் பசை போன்ற ஒருவகைப் பூச்சு உண்டு. 'கிளிஸ்டர்' என்பது அதன் பெயர். அச்சொல்லின் பொருளும் பசை என்பதே. நார்வேயைச் சேர்ந்த பீட்டர் ஓஸ்ட்பியூ 1913ஆம் ஆண்டில் அதனை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். கடுங்குளிருக்குப் பச்சை, அதனினும் குறைந்த குளிருக்கு நீலம், உறைநிலையை ஒட்டி ஊதா, ஈரப்பனிக்குச் சிவப்பு என மெழுகுகளுக்கு நிறம் வகுத்துள்ளனர். மெழுகு தேவைக்கு மேல் மென்மையாயின் பனி அடியில் கட்டிகட்டியாய் ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. தேவைக்கு மேல் கடினமாயின் ஒவ்வோர் அடியும் பின்னே நழுவும். அதனால் முதலில் கடினமெழுகை மெல்லப் பூசி, பற்றவில்லையெனில் சற்று மென்மையானதை மேலே ஏற்றுவதே அனுபவத்தோர் கொள்ளும் முறை.

வெப்பநிலை உறைநிலையைச் சுற்றி ஊசலாடும் நாளில் மெழுகு தேர்வது மிகக் கடினம். நிழலில் வறண்ட பனி, வெயிலில் ஈரப்பனி என நூறடிக்குள் இரு பனிகள் எதிர்ப்படும். அத்தகைய நாளில் அடிப்பகுதியில் மீன்செதில் போன்று வெட்டிய கட்டை கைகொடுக்கும். அதற்கு மெழுகு வேண்டா. ஆயினும் குளிர்பனியில் நல்ல மெழுகு தரும் ஓட்டத்தை அது தாராது. செங்குத்தான நெடிய ஏற்றத்தில் அடியில் ஒட்டும் தோற்பட்டையே துணை. அங்கோரா ஆட்டின் மயிராலோ செயற்கை இழையாலோ ஆன அப்பட்டை, ஓஸ்டர்டாலன் முன்னோரின் தோலுக்கு இன்றைய வாரிசு.

குளிர் மிகுந்தால் வழுக்கல் மிகும் என எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. கட்டைக்கும் பனிக்கும் இடையே உராய்வால் தோன்றும் மிக மெல்லிய நீர்ப்படலம் வழுக்கலுக்குத் துணைசெய்கிறது. கடுங்குளிரில் அப்படலம் போதிய அளவில் உருவாவதில்லை. படிகங்கள் மணல்போல் கரகரக்கும். ஈரம் மிகுந்தாலோ நீரே கட்டையை உறிஞ்சிப் பிடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய எல்லையில்தான் பயணம் இனிதாகிறது.

காற்றும் பனியைச் செதுக்கும் தச்சன். திறந்த மேட்டுநிலத்தில் அது பனியை அலையலையாய் இறுக்கிவைக்கும். அவ்வலைகளின் மேல் கட்டை தடதடத்து, மூட்டை சுமந்தவரை நிலைகுலையச் செய்யும். மேலே மெல்லிய ஓடும் கீழே பொடியுமாய் அமைந்த பனி இன்னும் கொடியது. ஓடு தாங்கும் என நம்பி எடை வைக்கும் நொடியில் உடையும், உள்ளே சிக்கிய கட்டை திரும்பாது, முழங்கால் திரும்பிவிடும். கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் காற்றால் இறுகிய பனிக்கு ஒரு சொல்லும், அடியில் சர்க்கரைபோல் மணியான பனிக்கு ஒரு சொல்லும், புதுப்பனிக்கு ஒரு சொல்லும் வைத்திருப்பது சொல்லழகுக்காக அன்று. கலைமான் எந்தப் பனியைத் தோண்டி மேயும், எதனைத் தோண்டாது என அறிவதில் அவர்களின் வாழ்வே அடங்கியிருந்தது.

ஏற்றமும் இறக்கமும்

சமவெளியில் கைகோல்களும் கால்களும் மாறிமாறி உந்தும் நீள்நடை போதும். சரிவு சற்றே எழுந்தால் கட்டை நுனிகளை விரித்து மீன்முள் வடிவில் ஏறுவர். இன்னும் எழுந்தால் பக்கவாட்டில் படிப்படியாய் மிதித்தேறுவர். நெடுஞ்சரிவில் நேரே ஏற முயல்வது வலிமையை வீணாக்கும்; சாய்வாக வளைந்து வளைந்து ஏறி, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கட்டையைத் தூக்கித் திருப்பி, மற்றதை அதனருகே கொணர்வது முறை.

இறக்கத்திற்குரிய புகழ்பெற்ற வளைவு டெலிமார்க் மாவட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அம்மாவட்டத்து மோர்கெடால் ஊரில் 1825ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சோன்ட்ரே நூர்ஹைம். முறுக்கிய விளாரைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, இடை சிறுத்த கட்டைகளைச் செய்து, தாவவும் திரும்பவும் வழிகண்டவர். 1868ஆம் ஆண்டில் தம் 42ஆம் அகவையில் தலைநகர் கிறிஸ்தியானியாவின் போட்டியில் வென்று காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். ஒரு கால் முன்னே செல்ல, மறுகால் முழங்கால் மடித்துக் குதியுயர்த்திப் பின்தொடர, இரு கட்டைகளும் சேர்ந்து ஒரே நீண்ட வளைகோடாகும் அழகே டெலிமார்க் வளைவு. நூர்ஹைம் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, பெரிதும் சமவெளியான வட டக்கோட்டாவில் 1897ஆம் ஆண்டு மறைந்தார்.

ஆயினும் அவ்வழகு எல்லாப் பனிக்கும் பொருந்துவதன்று. ஆழ்ந்த மென்பனியிலும் வெயில் சற்றே இளக்கிய பனியிலும் அது இனிக்கும். உடையும் ஓட்டில், முதுகுமூட்டையோடு, தேர்ந்தவரும் வளைவைக் கைவிடுவர். சாய்வாகக் குறுக்கே சென்று, நின்று, கட்டையைத் தூக்கித் திருப்பி, மீண்டும் குறுக்கே செல்வர். தேவையெனில் கட்டையைக் கழற்றி நடந்தே இறங்குவர். காண்போர் இல்லாத மலையில் அழகு பொருட்டன்று. உடையாத முழங்காலே பொருட்டு.

கடந்தவர் காட்டிய நெறி

சறுக்குக்கட்டையின் ஆற்றலை உலகறியச் செய்தது 1888ஆம் ஆண்டின் கிரீன்லாந்துப் பயணம். ஃப்ரித்யோஃப் நான்சென் தலைமையில் அறுவர் சென்றனர். அவர்களுள் சாமுவேல் பால்ட்டோ, ஓலே நீல்சன் ராவ்னா இருவரும் சாமி இனத்தவர். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டால் இடர் வந்தபோது திரும்பலாம். நான்சென் வேண்டுமென்றே கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். பின்னே ஊர் இல்லை. முன்னே செல்வதே ஒரே வழி. ஆகஸ்ட் நடுவில் பனிமேட்டில் ஏறத் தொடங்கியபோது பகலில் பனி இளகிக் கால் புதைந்தது. எனவே இரவில் இறுகிய பின் நடந்தனர். மேலே ஏறஏறப் பனி மாறியது. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து சறுக்குக்கட்டைகளே அவர்களின் கால்களாயின. 2,700 மீட்டர் உயரத்தில் குளிர் உறைநிலைக்குக் கீழே 40 பாகையையும் கடந்தது. மேற்கே இறங்கும்போது காற்று துணையாக, சறுக்குவண்டிகளில் பாய் கட்டி விரைந்தனர். அக்டோபர் 3ஆம் நாள் நான்செனும் ஸ்வெர்ட்ரூப்பும் கோட்ஹாப் அடைந்தனர். திரும்பும் வழியை வெட்டிவிட்டுத் துணிந்தவர் என நான்சென் புகழ்பெற்றார்.

அப்புகழில் மறைந்துபோன செய்தி ஒன்றுண்டு. அவர் முதலில் குறித்த இலக்கு கோட்ஹாப் அன்று. வடக்கே உள்ள கிறிஸ்தியான்ஸ்ஹாப். புயலும் எதிர்க்காற்றும் பனியின் நிலையும் இடம் தராமையால் ஆகஸ்ட் இறுதியில் பாதிவழியில் திசையை மாற்றினார். பின்வாங்க வழியில்லாதவரும் இலக்கை மாற்ற அறிந்திருந்தார். பனி வென்றது என அதற்குப் பொருளில்லை. பனி சொன்னதைக் கேட்டார் என்பதே பொருள்.

ரோவால்ட் அமுண்ட்சென் இப்பாடத்தை வலியோடு கற்றார். 1896ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் உடன்பிறந்தாரோடு ஹார்டங்கர்வித்தா மேட்டுநிலத்தைக் கடக்க முயன்று, புயலில் திசையிழந்து, பனிக்குழியில் உறங்கினார். ஈரப்பனி உறைந்து அவரைச் சிறைப்படுத்தியது. உடன்பிறந்தார் தோண்டி எடுத்ததால் உயிர் பிழைத்தார். பின்னர் 1911ஆம் ஆண்டு தென்துருவத்தை முதலில் அடையும் அவாவில் செப்டம்பர் 8ஆம் நாளே புறப்பட்டார். குளிர் உறைநிலைக்குக் கீழே 50 பாகையைத் தாண்டியது, திரும்பினார். அத்திரும்புதலால் குழுவிற்குள் கசப்பும் பிளவும் எழுந்தன. ஆயினும் அக்டோபரில் மீண்டும் ஐவராய்ப் புறப்பட்டு, டிசம்பர் 14ஆம் நாள் துருவத்தை அடைந்தனர். ஐவரும் உயிரோடு மீண்டனர். அவ்வைவருள் ஒருவரான ஓலாவ் பியோலாண்ட், நூர்ஹைம் பிறந்த அதே மோர்கெடாலைச் சேர்ந்தவர். முதற்புறப்பாட்டிலிருந்து திரும்பாதிருந்தால் துருவத்தில் கொடி ஏறியிருக்குமா என்பது ஐயமே.

திரும்புதல் இழுக்கன்று

பெரும்பயணிகளின் வரலாறு ஒருபுறம் இருக்க, விடுமுறைக்கு மலை ஏறும் எளிய மக்களின் வரலாறு மறுபுறம் உள்ளது. நார்வேயில் ஈஸ்டர் விடுமுறை என்றாலே குடும்பங்கள் கட்டை பூட்டி மலைக்குச் செல்லும் காலம். 1868ஆம் ஆண்டில் தோன்றிய மலைப்பயணச் சங்கம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தங்குகுடில்களைப் பேணுகிறது. குளிர்காலத்தில் குடிலுக்குக் குடில் பனியில் கோல்கள் நட்டு வழி காட்டுகிறது. ஆயினும் 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் நார்வே மலைகளில் 18 பேர் மாண்டனர். மலையொழுக்க விதிகள் அதற்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன. அத்துயருக்குப் பின் அவற்றை நாடெங்கும் பரப்பும் முயற்சி வலுப்பெற்றது. அவை ஒன்பது. செல்லும் வழியை முன்னே தெரிவித்தல், வானிலை கேட்டல், புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாதல் முதலியன அவற்றுள் அடங்கும். எட்டாம் விதி நார்வே மக்கள் நாவில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது: காலத்தே திரும்புக; திரும்புவதில் இழுக்கில்லை என்பது அதன் கருத்து. ஒன்பதாம் விதி, வலிமையைச் சேமித்து, வேண்டுமாயின் ஒதுங்கிடம் தேடச் சொல்கிறது. பனியையே தோண்டி உள்ளே பதுங்குதல் அதன் பழைய வடிவம். கொல்லும் பனியே காக்கும் கூரையும் ஆகும் என்பதை 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்வாரிக்கோல் முன்பே அறிந்திருந்தது.

பனிச்சரிவின் அச்சம் இவ்விதியை மேலும் அழுத்தமாக உணர்த்துகிறது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சாய்வுள்ள இடங்களில் நிகழ்வன. சறுக்குவோர் விரும்பும் சாய்வும் அதுவே என்பது துயரமான பொருத்தம். காற்று கொணர்ந்து குவித்த பனிப்பலகை வலுவற்ற அடுக்கின் மேல் படிந்திருக்கும். ஒருவர் எடை பட்டதும் உள்ளடுக்கு நொறுங்கி, 'உம்' என்னும் அடங்கிய ஒலி எழும். அவ்வொலியைக் கேட்டவர் மறுசிந்தனையின்றி விலகல் வேண்டும். சரிவின் மேல் நிற்பவர்க்கு மட்டுமன்றி, அடிவாரத்தில் செல்பவர்க்கும் அது கேடு. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. பின்னர் விரைந்து குறையும். 1986ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வட நார்வேயின் வாஸ்டாலன் பள்ளத்தாக்கில் படைப்பயிற்சியில் இருந்த இளம் வீரர் 16 பேரைப் பனிச்சரிவு விழுங்கியது. உடல்வலிமைக்கும் ஒழுங்கிற்கும் பெயர்பெற்ற படைவீரர்களையும் பனி வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

தமிழன்பர்களே, சறுக்குக்கட்டையின் வரலாறு ஓரிணையில் தொடங்கியது. ஒன்று பற்றியது, மற்றது விட்டது. மெழுகும் வில்லும் எஃகும் அவ்விரண்டையும் ஒரே கட்டையில் இணைத்தன. இணைக்க இயலாதது ஒன்றே: எப்போது பற்றுவது, எப்போது விடுவது என்னும் தேர்ச்சி. அது கட்டையில் இல்லை. கட்டை பூட்டியவரிடம் உள்ளது. பச்சைமெழுகைத் துடைத்து நீலம் பூசுவதும், அழகிய வளைவைக் கைவிட்டுக் குறுக்கே நடப்பதும், குறித்த ஊரை விட்டு வேறு ஊர் நோக்குவதும், கண்ணுக்கு எட்டிய முகட்டைக் கைவிட்டுக் குடிலுக்குத் திரும்புவதும் ஒரே அறிவின் படிநிலைகள். முதற்படியில் பழகியவரே இறுதிப்படியில் தயங்காமல் இருப்பர். காலையில் மெழுகை மாற்ற நாணியவர் மாலையில் வழியை மாற்றுவது அரிது.

நிலமும் பொழுதும் ஒன்றாகிய வெண்பனி வெளிக்கு ஓர் உரிப்பொருள் வகுக்க வேண்டுமாயின், அது வெற்றியும் அன்று, வீரமும் அன்று. மீளுதல் எனலாம். சென்றவர் மீண்டு வருவதும், வீட்டில் காத்திருப்போர் விளக்கை அணைக்காமல் இருப்பதும் அத்திணையின் இரு கூறுகள் ஆகும்.